பேச்சின் நடுவில் ஒரு ஏலம்

மார்ச் 3, செவ்வாய்

லிஃப்டில் மாடிவீட்டம்மா பிடித்துக்கொண்டார். "நீ என்னம்மா வேலை பாக்கிற? எப்பப் பாத்தாலும் முகம் வாடியே இருக்கு." சொன்னேன். காது கேட்காதவர்களுக்கு ஒரு ஆப். போனை நீட்டினால் எதிரில் இருப்பவர் பேசுவது எழுத்தாக ஓடும். ஆப் இலவசம், அதனால் விளம்பரம் வரும். விளம்பரத்துக்கு ஒரு இடம் காலியானால் கண்ணை மூடித் திறப்பதற்குள் பல கம்பெனிகள் ஏலம் கேட்கும். விலை, படம், அளவு, எவ்வளவு நேரம் செல்லும் என்று ஒவ்வொன்றும் ஒரு மூட்டை. அந்த மூட்டையைப் பிரித்து, காலாவதியானதைத் தள்ளிவிட்டு, அதிக விலை சொன்னவனைத் திரைக்கு அனுப்புகிற நிரல்தான் என் பொறுப்பு. நிரல் எழுதுபவர்கள் பாஷையில் அந்தத் துண்டுக்கு 'கிளாஸ்' என்று பெயர்.

"அப்படின்னா தரகு வேலைன்னு சொல்லு" என்று இறங்கிப் போய்விட்டார்.

நான் அரை நாள் சொன்னாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

மார்ச் 5, வியாழன்

தோள்பட்டை வலி. கிளாஸில் இன்னும் இரண்டு கம்பெனிகளைச் சேர்த்தேன். வேறொன்றுமில்லை.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டே, ஏதோ பக்கத்துத் தெருக் கதை மாதிரி சொன்னாள்: "என்னைக் கவுண்டர்லேர்ந்து உள்ள அனுப்பிட்டாங்க. இனிமே கண்ணாடி துடைக்கிற வேலை."

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறாள். காய்ச்சலில் காது போன பிறகும் கவுண்டரை விடாதவள். வீட்டில் எங்கள் வாயசைவைப் பார்த்தே புரிந்துகொள்வாள். வெளியாட்களிடம்தான் போனை நீட்டுவாள். எங்கள் ஆப். நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

ஒரு பெரியவர் வந்திருக்கிறார். எந்தக் கண்ணில் மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நடுவில் எழுத்து மறைந்து திரை முழுக்கச் செருப்பு விளம்பரம். அக்கா அதை மூடத் தட்டியிருக்கிறாள், அது செருப்புக் கடைக்கே கூட்டிப்போய்விட்டது. பெரியவர் எட்டிப் பார்த்தார். 'நான் கண்ணு தெரியலன்னு சொல்றேன், இந்தம்மா செருப்பு வாங்குது' என்று முதலாளியிடம் கத்தினாராம். சத்தம் இவளுக்குக் கேட்கவில்லை. முகம் தெரிந்தது.

"விடுடி. உள்ள ஃபேன் இருக்கு" என்றாள்.

சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். பசிக்கவில்லை என்று வந்துவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

கிளாஸைத் திறந்து பார்த்தேன். ஏலத்தைத் திரைக்கு அனுப்பும் முன் அது இரண்டே கேள்வி கேட்கிறது. காலாவதியா? அளவு சரியா? எதிரில் யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று அது கேட்பதில்லை. மைக் ஓடுகிறதா என்பது பக்கத்திலேயே இருக்கிற தகவல். எட்டிப் பார்த்தால் போதும்.

ஏன் யாருக்கும் தோன்றவில்லை? ஏன் எனக்கு—

தூக்கம் வருகிறது. தூங்கினாலும் அலுப்புத் தீர்வதில்லை.

மார்ச் 11, புதன்

மேலாளரிடம் போனேன். தோன்றாமல் இல்லையாம். தெரிந்தே செய்ததாம்.

"பேச்சு ஓடுறப்போதான் அவங்க திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டாங்க. அதனாலதான் அந்த நேரத்துக்கு அவ்வளவு விலை. அதை எடுத்தா ஆப்பையே மூடணும்."

அக்காவைப் பற்றிச் சொன்னேன். கெட்டவர் இல்லை, நிஜமாகவே 'அடடா' என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவங்களை ஒரு மீட்டிங்குக்குக் கூட்டிட்டு வாங்களேன். மேல இருக்கிறவங்க முன்னாடி ரெண்டு வார்த்தை பேசட்டும். மனசு இளகும்" என்றார்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று எழுத வந்தேன். பேனா நின்றுவிட்டது. இத்தனை வருஷம் இந்தப் பழமொழியை எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அவள் முன்னாலேயே.

மார்ச் 12, வியாழன்

கேட்டிருக்கக் கூடாது. மீட்டிங்குக்கு வருகிறாயா என்று கேட்டுவிட்டேன்.

அக்கா என் வாயையே பார்த்தாள். புரியவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன். "புரிஞ்சுது. முதல் தடவையே புரிஞ்சுது" என்றாள். குரல் ஏறிவிட்டது. அவளுக்கு அது தெரியாது.

"நான் உனக்கு அக்காவா, இல்ல காட்சிப் பொருளா? என்னைக் காட்டித்தான் உங்க ஆபீஸ்ல மனசு இளகணுமா? உன் வேலை சரியில்லைன்னா நீ போய் சொல்லு. என் காதை எதுக்கு இழுக்கிற?"

போனை எடுத்து ஆப்பை அழித்தாள், என் கண் முன்னால். அப்புறம் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

அக்கா மெசேஜ் அனுப்பவில்லை. நானும்தான்.

மார்ச் 24, செவ்வாய்

இன்று மீட்டிங். விளம்பரப் பிரிவுக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் ஆப்பில் விளம்பரத்தைத் தட்டுபவர்கள் தட்டிய வேகத்தில் வெளியே ஓடிவிடுகிறார்களாம், ஒருவரும் வாங்குவதில்லை. மூடப் போய்த் தவறித் தட்டுகிறார்கள் என்று கம்பெனிகள் கண்டுபிடித்துவிட்டன. ஏலத்தில் விலை சரிகிறது.

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "பேச்சு ஓடும்போது விளம்பரம் வராம பண்ண முடியுமா? எவ்வளவு வேலை?"

"மூணு வரி" என்றேன்.

"அவ்வளவுதானா? முன்னாடியே சொல்லக் கூடாதா?"

அறையில் யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

எழுதி முடித்தாகிவிட்டது. மைக் ஓடும்போது எவ்வளவு பெரிய விலை வந்தாலும் அந்த ஏலம் செல்லாது. ஜெயித்த மாதிரி இல்லை. அக்காவின் கவுண்டர் போனபோது அசையாதது, செருப்பு விற்கவில்லை என்றதும் அசைந்தது. எப்படியோ அசைந்ததே, அது போதாதா? போதும்தான். உடம்புதான் கெஞ்சுகிறது.

மார்ச் 29, ஞாயிறு

நானே போனேன். கதவைத் திறந்தவள், "வா, இளைச்சுப் போயிட்டே" என்றாள். அவ்வளவுதான் சமாதானம்.

ஆனால் அவளிடம் செய்தி இருந்தது. முதலாளியிடம் அவளே போய்ப் பேசியிருக்கிறாள். 'கண்ணாடி துடைச்சது போதும். எனக்கு வாடிக்கையாளர் வேணும். மதியத்துக்கு மேல கவுண்டரைக் குடுங்க, புகார் வந்தா நானே உள்ள போயிடறேன்.' கொடுத்துவிட்டார். ஆப் இல்லாமல் வாயசைவு, பேப்பர் பேனா என்று ஓட்டுகிறாள். மீசைக்காரர்கள் வந்தால்தான் திண்டாட்டமாம்.

மூன்று வரியைப் பற்றிச் சொன்னேன். ஏன் மாற்றினார்கள் என்பதையும் மறைக்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள்.

"சரி, திரும்பப் போட்டுப் பாக்கிறேன். மறுபடி செருப்பு வந்துச்சு, உன்னையும் சேர்த்து அழிச்சிடுவேன்."

ஏப்ரல் 10, வெள்ளி

அக்காவோடு காது டாக்டரிடம் போனேன். துணைக்குத்தான்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். அக்கா மேஜையில் போனை வைத்து அவர் பக்கம் தள்ளினாள். "டாக்டர், காது எனக்குத்தான் கேக்காது. என்கிட்ட பேசுங்க."

அவர் திரும்பினார். பேசினார். எழுத்து ஓடியது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வார்த்தையை அல்ல, திரையின் ஓரத்தை. விளம்பரம் இப்போது குதிக்கும், இதோ குதிக்கும் என்று. அக்கா நடுவில் ஏதோ கேட்டாள், அவர் பதில் சொன்னார், இருவரும் சிரித்தார்கள். எதுவும் குதிக்கவில்லை.

படியில் இறங்கும்போது அவள் தோளைத் தொட்டுத் திருப்பிக் கேட்டேன்: "டாக்டர் என்ன சொன்னார்?"

"அடிப்பாவி! பக்கத்திலதானே உக்காந்திருந்தே?"

அப்புறம் ஓரமாக நின்று எல்லாவற்றையும் சொன்னாள். இடது காதில் மிச்சமிருக்கிற கொஞ்சம் இதற்கு மேல் குறையவில்லை, கருவி வைத்துப் பார்க்கலாம், அவசரமில்லை. எனக்குப் புரிகிறதா என்று என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, நிதானமாக.