சின்னம்மா என்று கூப்பிடுகிறாள்

மார்ச் 3

மஸ்கட்டில் வீட்டுவேலையை விட்டு இந்த ஏரிக்கரை ஊருக்குத் திரும்பி மூன்று வாரம். இன்றும் விடியும் முன்பே எழுந்து ஈரத்துணியைத் தேடினேன். எதைத் துடைக்க? இங்கே மண் தரை.

என் மகள் தியமிகே தண்ணீர் கொண்டுவந்தாள். முழங்காலிட்டு, இரண்டு கையாலும் நீட்டி, “இந்தாங்க சின்னம்மா” என்றாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் கொடுக்கிற மாதிரி. பக்கத்து வீட்டில் இருக்கும் என் அக்கா ஃபலேசியைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறாள், வளர்த்தது அக்காதான். மூன்று வயதில் விட்டுவிட்டுப் போனேன், இப்போது எட்டு. அவள் அப்பா ஜோகன்னஸ்பர்க் போனவர், போனவர்தான். பிள்ளை யாரைத்தான் அம்மா என்று கூப்பிடும்?

மார்ச் 7

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எனெலெசி, இங்க யாரு ஒனக்கு மொதலாளி? உக்காருடி. களி ஆறுது.”

உட்கார்ந்தேன். அழுகை வந்துவிடும்போல இருந்தது. உசிபா மீன் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மார்ச் 12

யாரிடமும் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். எனக்குச் சுமையாவைத் தேடுகிறது.

மஸ்கட்டில் மேடம் தன் மகளை நாற்பது நாள் குழந்தையாக என் கையில் கொடுத்தார். பல் முளைத்தது, நடந்தது, முதல் வார்த்தை பேசியது, எல்லாம் என் மடியில். என் வயிற்றில் பிறந்தவள் முற்றத்தில் விளையாடுகிறாள், நான் போனை வைத்துக்கொண்டு ஊரான் பிள்ளை படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் என்ன தாய்?

மார்ச் 13

வலை உலர்த்தும் இடத்தில் பெண்கள் கேட்டார்கள்: “மஸ்கட்லேருந்து கொண்டாந்த தங்கம் எங்கடி? ஒளிச்சு வச்சிருக்கியா?” நானும் சிரித்தேன்.

மார்ச் 19



மத்தியானம் போனைத் திறந்தால் படங்கள் இல்லை. சுமையாவின் படம் ஒன்றுகூட இல்லை. நானூறுக்கு மேல் இருந்தன. தியமிகே வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்தான் அழிச்சேன்.”

அறைந்துவிட்டேன். ஐயோ, அறைந்துவிட்டேன். வந்த நாளிலிருந்து அவளைச் சரியாகக் கட்டிக்கொண்டதுகூட இல்லை. முதலில் தொட்டதே அடிக்கத்தானா?

அவள் அழவில்லை. “அதுல என் போட்டோ ஒண்ணுகூட இல்ல. நான் எல்லாத்தையும் பாத்தேன் சின்னம்மா” என்றாள். அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் படம் எப்படி இருக்கும்? முதல் இரண்டு வருடம் என் போன் மேடத்தின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அக்காவிடம் இருந்ததோ பட்டன் போன், அதில் படம் அனுப்ப முடியாது. இதையெல்லாம் எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

மார்ச் 20

அக்காவிடம் போனேன். “அஞ்சு வருஷத்துல ஒரு நாள் நான் அவ மேல கை வச்சதில்ல” என்றாள். தலை குனிந்து நின்றேன். பிறகு அவளே மெதுவாக, “நீ வந்த நாள்லேருந்து எனக்கும் சோறு எறங்கல. ஒம்பிள்ளதான். ஆனா எனக்குன்னு வேற யாரு இருக்கா, சொல்லு?” என்றாள்.

இரண்டு பேரும் உட்கார்ந்து மீன் கழுவினோம்.

மார்ச் 27

தியமிகே என் பக்கமே வரவில்லை.

ஏப்ரல் 11

பெருநாள் என்று மேடம் போனிலிருந்து ஒரு குரல் செய்தி. சுமையா! போனைக் காதோடு அழுத்திக் கேட்டேன். திரும்பினால் தியமிகே நிற்கிறாள்.

“அவதானே? என்ன சொல்றா?”

ஒளிக்கத் தோன்றவில்லை. சத்தமாக வைத்து, அரபியில் வந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். “புதுச் சட்டை போட்டிருக்காளாம். ஊஞ்சலிலிருந்து விழுந்துட்டாளாம்...” அடுத்ததைக் கேட்டதும் போனை நிறுத்தினேன்.

“சொல்லுங்க.”

“‘தியமிகே இன்னும் கோழியப் பாத்தா ஓடுறாளா? முட்டியில அந்தத் தழும்பு இருக்கா? அவகூடப் படுத்துக்கிறியா இப்போ?’ன்னு கேக்குறா.”

ஏரிப் பக்கமிருந்து படகுச் சத்தம் கேட்டது. அவள் தன் முட்டியைக் குனிந்து பார்த்தாள்.

“என் பேரு அவளுக்கு எப்படித் தெரியும்?”

“தினமும் சொல்லுவேன். அவளத் தூங்க வைக்க உன் கதையத்தான் சொல்லுவேன். வேற கதை எனக்கு என்ன தெரியும்?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: “நான் கோழிக்கெல்லாம் பயப்படறதில்லன்னு அவகிட்ட சொல்லு.”

சொன்னேன்.

ஏப்ரல் 12

அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். “சரி” என்றாள். அவ்வளவுதான். படங்களை அழித்ததற்கு அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மே 5

காலையிலிருந்து ஒரே ரகளை. ஆறு ஏரியில் சேரும் இடத்தில் முதலை தென்பட்டதாகச் சொன்னார்கள், தியமிகேயை நான் குளிக்க விடவில்லை. “நீ ரொம்ப மோசம் அம்மா! பெரியம்மா விட்டிருப்பாங்க!” என்று ஊருக்கே கேட்கக் கத்திவிட்டு ஓடிவிட்டாள்.

சற்று நேரத்தில் அக்கா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். “இந்தாடி, ஒம்மவ. ஒன்னப் பத்தி ஒரு கூடை புகார் சொல்றா.” சிரித்தபடிதான் சொன்னாள். போகும்போது படியில் நின்று, “பெரியம்மாவாம் நான்” என்றாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். மூன்று பேரும் இங்கேயே சாப்பிட்டோம்.