ஏரிக்கு அக்கரையில் பாடிய பாட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இந்த ஊரின் பூகோளம் தெரியாமல் ஏமாந்த கதையைக் கேள். ஊரின் முந்நூறு பேரும் ஏரியின் இக்கரையில்தான் இருக்கிறார்கள். அக்கரையில் செங்குத்துப் பாறை, ஆளே கிடையாது. நேற்று மாலை தண்ணீரைச் சோதிக்கத் தனியாகப் படகில் அங்கே போனேன். யார் கேட்கப்போகிறார்கள் என்று, நீ சமைக்கும்போது பாடும் பாட்டைத் தொண்டை திறந்து பாடினேன். பெண் பார்க்க வந்தவர்களிடம் பாடவே மாட்டேன் என்றவள்தான்!

காலையில் ரொட்டிக்கடைக்காரம்மா பிடித்துக்கொண்டார்.

"தண்ணி டாக்டரம்மா, ஏன் பாதியில நிறுத்திட்டீங்க? எங்க வீட்டுக்காரரு சாப்பிட்ட கைய கழுவாம வாசல்லயே நின்னாரு!"

பாறை குரலை அப்படியே ஊருக்குள் திருப்பிவிடுமாம். நான் நம்பவில்லை.

"அப்ப ஊரே சேந்து பொய் சொல்லுதா?" என்று கடையில் ரொட்டி வாங்க வந்திருந்த படகுக்காரர் அந்த மெட்டையே முனகிக் காட்டினார். வெட்கம் பிடுங்கித் தின்றது, சிரிப்பும் அடங்கவில்லை.

அடுத்த மாதம் தண்ணீர் சோதிக்க அக்கரைக்குப் போகும்போது ஊருக்கு முழுப் பாட்டும் வேண்டுமாம். எனக்கு இரண்டாவது சரணம் மறந்துவிட்டது. எழுதினால் ராகம் தெரியாது. தம்பியிடம் சொல்லி, நீ பாடுவதைப் பதிந்து அனுப்பு. முதல் சரணத்தையும் சேர்த்தே பாடு. அது எனக்குத் தெரியும், இருந்தாலும் பாடு.

தபால் படகு கிளம்புகிறது.

உன் மகள்