சும்மா இருந்ததற்குக் கூலி

3-7-2003, வியாழன்

மேட்டூரில் இன்னும் தண்ணீர் திறக்கவில்லை. குறுவை போச்சு. நாற்று நட்ட கைகளெல்லாம் இப்போது திருக்கடையூர் மண்டபத்தில் அறுபதாங்கல்யாணப் பாத்திரம் தேய்க்கின்றன. என் கையும்தான்.

விடிவதற்கு முன்னால் வரச் சொன்னார்கள், பொம்பளைகள் நாலு பேர் போனோம். காலை டிபன் பாத்திரம் முடிந்தது. அப்புறம் மதியப் பந்தி முடிகிறவரை பின்கட்டு ஈரத்தரையில் குந்தியிருந்தோம். வீட்டுக்குப் போகக் கூடாது, எந்நேரமும் கூப்பிடுவார்களாம். சாயங்காலம் கூலி கொடுக்கும்போது அந்த நேரத்தைக் கழித்துவிட்டார் துரைராசு, மண்டபத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர்.

"தேய்ச்ச நேரத்துக்குத்தாம்மா கூலி. நடுவுல சும்மாதானே உக்காந்திருந்தீங்க?"

சும்மாவா! நாற்றுமுடிச்சு வந்து சேரும்வரை வரப்பில் நிற்போமே, அதை எந்த மிராசுதாராவது கழித்ததுண்டா? கேட்டேன். சிரித்தார்.

5-7, சனி

கக்கூஸ் சாவி விருந்தாளிகளுக்கு மட்டுமாம். நாங்கள் வாய்க்கால் கரைக் கருவை மறைவுக்குப் போக வேண்டும். என்னோடு தேய்க்கிற ஜெயபாரதி கைக்குழந்தைக்காரி. அந்த முள்ளுக்குப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. பால் எப்படி ஊறும்?

6-7, ஞாயிறு

திருப்பூரிலிருந்து மகன் அரவிந்தன் கடைக்குப் போன் பண்ணினான். பனியன் கம்பெனியிலும் இதே கதைதான். "கூடுதல் நேரத்துக்குப் பேரு ஓ.டி. ம்மா. அதுக்குக் காசு கேட்டா கம்பெனி கேட்டுக்கு வெளிய தள்ளிடுவான். நீ வம்புக்குப் போவாத."

நான் எங்கே போகிறேன்? அதுதான் என் வீட்டு வாசலில் வந்து குடியிருக்கிறதே.

9-7, புதன்

ஒரு யோசனை வந்திருக்கிறது. எழுத மாட்டேன். எழுதினால் சிரித்தே செத்துப்போவேன்.

11-7, வெள்ளி

கடைசியாக ஒரு தரம் மரியாதையாகக் கேட்டேன். "இஷ்டமில்லன்னா நின்னுக்கங்க. ஆளுக்கா பஞ்சம்?" என்றார் துரைராசு. ஆற்றில் தண்ணீர் இல்லாத வருஷம் என்று அவருக்கும் தெரியும்.

சரி தம்பி. யோசனை யோசனைதான்.

13-7, ஞாயிறு

ஐயோ, எங்கிருந்து ஆரம்பிப்பேன்! வயிறு வெடிக்கிறது — இரண்டு தரம் பாயசம்!

குடவாசல் பக்கத்துத் தியாகராசனுக்கு அறுபதாங்கல்யாணம். பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்து வந்து ஒரே தடபுடல். டிபன் பாத்திரத்தை முடித்துக் கவிழ்த்துவிட்டு, முகம் கழுவி, பையில் கொண்டுபோன நல்ல புடவையைக் கட்டிக்கொண்டோம், நாலு பேரும். நேரே முதல் பந்தி. நடு வரிசை. உட்கார்ந்து இலையில் தண்ணீரும் தெளித்தாச்சு. சும்மா இருக்கிற நேரம் எங்களுடையதுதானே? துரைராசே வாயால் சொன்னது.

துரைராசு பார்த்துவிட்டார். முகம் வெந்த பூசணிக்காய். ஓடிவந்து என் காதருகே குனிந்து, "எந்திரிங்க" என்றார். நான் உப்பைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டேன்.

பக்கத்து இலை அம்மாள் திரும்பினாள். பூவம்மாள், தியாகராசனின் அக்கா. என்னைவிட மூத்தவள்.

"இலையில உக்காந்தவங்கள எழுப்புறீங்களே, என் தம்பி கல்யாணத்தன்னிக்கா? குத்தமில்ல? போங்க, அப்பளம் கொண்டாங்க."

அப்பளம் கொண்டுவரப் போனார்! சத்தியமாகப் போனார்!

"நீங்க எந்த வழியில சொந்தம்?" என்று கேட்டாள் பூவம்மாள்.

"பாத்திரம் தேய்க்கிற வழியில."

எதிர் வரிசைப் பட்டுப்புடவை ஒன்று முந்தானையை இழுத்துச் சுருட்டிக்கொண்டது. பூவம்மாள் நகரவில்லை. முழுக் கதையையும் கேட்டாள். கேட்டுவிட்டு, "எனக்கு இன்னொரு தரம் ரசம்" என்றாள். அவ்வளவுதான் அவள் பதில்.

பெரியவர்கள் கை ஓய்வதற்கு முன் பந்தியில் யாரும் இலையை மூட மாட்டார்கள். இதை நம்பித்தான் உட்கார்ந்தேன். ஒரு கிழவிக்கு இரண்டு கிழவியாகச் சேர்ந்தது என் அதிர்ஷ்டம். பருக்கை பருக்கையாகச் சாப்பிட்டோம். அக்கம்பக்கம் கை காய்ந்து உட்கார்ந்திருந்தது. வாசலில் இரண்டாம் பந்திக் கூட்டம் பசியில் முணுமுணுத்தது.

"சும்மாதானே நிக்கிறாங்க" என்றாள் பூவம்மாள். எனக்குப் புரையேறிவிட்டது.

மாலையும் கழுத்துமாகத் தியாகராசனே வந்தார். "என்ன வேணுமோ கேளுங்கம்மா. மனசு நெறஞ்சு எந்திரிக்கணும்."

"துரைராசு தம்பி ஒண்ணு பாக்கி வச்சிருக்காரு. அது வந்ததும் எந்திரிச்சிடுவேன்."

துரைராசு மறுபடி குனிந்தார். "குடுத்துடறேன்."

"என்னத்த?"

"காத்திருக்கிற நேரத்துக்கும் கூலி."

"காது மந்தம் தம்பி."

சத்தமாகச் சொன்னார். பந்தி முழுக்கக் கேட்டது. சாவி? சாவியும்! அப்புறம்தான் மோர் வாங்கினேன். மோரில் அவசரப்படக் கூடாது.

எழுந்துபோய் எல்லாப் பாத்திரத்தையும் பளபளவென்று தேய்த்தோம். சிரித்துச் சிரித்து ஜெயபாரதி ஒரு குண்டானைக் காலில் போட்டுக்கொண்டாள்.

20-7, ஞாயிறு

இன்று மண்டபத்தில் விசேஷம். எங்களைக் கூப்பிடவில்லை. வேறு ஆட்களாம்.

ஜெயபாரதி வந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. "உங்கள நம்பித்தானே உக்காந்தேன் அத்தே." அரிசி கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். என் தலையில் அடித்திருந்தால் தேவலை.

நான் செஞ்சது தப்பா? அவ பிள்ளைய நெனச்சா... இல்ல. தப்பில்ல. ஆயிரம் தரம் கேட்டாலும் இல்ல.

27-7, ஞாயிறு

ஹா! புது ஆட்களும் கேட்டார்களாம்! "பந்தியில சத்தமா சொன்னீங்களாமே, காத்திருந்தாலும் கூலின்னு?" குடவாசல் சனம் பஸ்ஸெல்லாம் சொல்லிக்கொண்டே போயிருக்கிறது. யாரை வைத்தாலும் அதே கேள்விதானாம்.

சாயங்காலம் துரைராசு சைக்கிளை என் வாசலில் நிறுத்தினார். "நீங்கன்னா வேலையாவது சுத்தமா இருக்கும். நாலு பேரும் வந்துடுங்க."

"யோசிச்சு சொல்றேன் தம்பி" என்றேன். என்ன யோசனை? அவர் கொஞ்ச நேரம் நிற்கட்டுமே என்றுதான்.

24-8, ஞாயிறு

கூலி கொடுக்க வேண்டும் என்றானதும் காத்திருப்பே காணாமல் போய்விட்டது. டிபன் முடிந்ததும், "வீட்டுக்குப் போய்ட்டு வாங்க" என்று துரத்துகிறார். பகலில் பாயில் படுத்துத் தூங்குகிறேன், மகாராணி மாதிரி. ஜெயபாரதி போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறாள்.

இன்று மட்டும் போக முடியவில்லை. விருந்தாளிகள் வந்த வேன் வழியில் பஞ்சர். எப்போது வருவார்கள் என்று தெரியாததால் இருக்கச் சொன்னார். துரைராசு வாசலுக்கும் கடிகாரத்துக்கும் நடக்கிறார். கக்கூஸ் சாவி ஆணியில் தொங்குகிறது. ஜெயபாரதி இரண்டாவது சொம்புத் தண்ணீர் குடிக்கிறாள்.

நான் பின்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கூலிக்கு.

வேன் மெதுவாக வரட்டும். இன்னும் ஒரு பக்கம் மிச்சம் இருக்கிறது.