பட்டியலில் இல்லாத சாவி

கடிதம் எண் 1
14.10.2025, செவ்வாய்க்கிழமை, காலை 10.40
அபிராமபுரம், சென்னை

சி. நீரஜாவுக்கு அநேக ஆசீர்வாதம்.

இவ்விடம் நலம். 8.10.2025 தேதியிட்ட உன் கடிதம் 11-ஆம் தேதி பிற்பகல் கிடைத்தது. இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு அண்ணனுக்கு எழுதும் தங்கை, உறையில் பின்கோடு எண்ணைத் தவறாக எழுதியிருக்கக் கூடாது.

வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது, அப்பாவின் மேஜைக் கடிகாரம் புடவைச் சுற்றலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது என்கிறாய். அதன் சாவியையும் கேட்கிறாய்.

முன்னது நம்பத் தக்கதல்ல. எட்டு நாளுக்கு ஒருமுறை சாவி கொடுக்காவிட்டால் நின்றுவிடும் கடிகாரம் அது. சாவியோ என் பீரோவில் இருக்கிறது. நீ மாற்றுச் சாவி செய்துகொண்டிருந்தால் சொல்லிவிடு, கோபிக்க மாட்டேன்.

பின்னதைப் பற்றி: 14.6.1998 அன்று, அப்பாவின் பதின்மூன்றாம் நாள் மாலை, பாகப் பட்டியலை நான்தான் எழுதினேன். வரிசை எண் 19: ‘மேஜைக் கடிகாரம் ஒன்று, நீரஜாவுக்கு.’ சாவி என்ற சொல் அதில் எங்கும் இல்லை. நீயும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட்டாய். பட்டியலில் இல்லாததை நான் எப்படித் தருவது?

ராயப்பேட்டை ஹனீஃபாவை 18-ஆம் தேதி உன் வீட்டுக்கு அனுப்புகிறேன். என் கடிகாரங்களை நாற்பது வருஷமாகப் பழுது பார்ப்பவர். மரம், முகப்பு, உள் இயந்திரம் என்று தனித்தனியாக நிலைமையைப் பார்த்துச் சொல்வார். நீ அப்படியே எழுது. உன் அபிப்பிராயத்தைச் சேர்க்காதே.

இப்படிக்கு,
கல்யாணராமன்


திருவான்மியூர்
24.10.2025

அன்புள்ள அண்ணாவுக்கு நீரஜாவின் நமஸ்காரம்.

பின்கோடு சரியாக இருக்கிறதா, பாருங்கள். தீபாவளி மருந்து, லேகியம், கிளறினேன். உங்களுக்குக் கொடுத்தனுப்ப ஆளில்லை.

ஹனீஃபா பாய் வந்தார். மரத்தில் இடப்பக்கக் காலைக் கரையான் அரித்திருக்கிறது. முகப்பில் நாலாம் எண்ணுக்குக் கீழே மயிரிழை விரிசல். கண்ணாடி பழுதில்லை. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே பின்கதவைத் திறந்தவர், பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து உள்ளே பார்த்தார்.

“இன்னாம்மா இது, ஸ்பிரிங் ரெண்டு துண்டா கீது. துருப்புடிச்சி ஒட்டிக்கினு கீது. இதுக்கு எவன் சாவி குட்த்தாலும் ஏறாதும்மா.”

பின்னே எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். பெண்டுலம் எங்கள் இருவர் முன்னாலும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

“அத்த என்னாண்ட கேக்காத. சாவி அண்ணனாண்ட தானே கீது? அவராண்ட கேளு.”

காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். பூதக்கண்ணாடியை இங்கேயே மறந்து வைத்துவிட்டார். போன் பண்ணிச் சொன்னேன். நீயே வச்சிக்கோம்மா என்கிறார்.

இன்னொன்று, அண்ணா. போன கடிதத்தில் எழுதத் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை சரியாக எட்டு மணிக்குக் கடிகாரத்தின் உள்ளிருந்து சாவி கொடுக்கும் சத்தம் கேட்கிறது. கரக், கரக்கென்று பதினான்கு தடவை. மூன்று ஞாயிறு எண்ணிவிட்டேன். என் வீட்டுக்காரர் போனபின் தனியாக இருக்கிறவள் நான். பயமாக இருக்கிறது. சாவியை அனுப்புங்கள், இல்லையென்றால் ஒருமுறை நீங்கள் வந்துவிட்டுப் போங்கள்.

பாகம் பிரித்த அன்றைக்கு நீங்கள் என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றுதான் சொன்னீர்கள். கடிதம் எழுதாதே என்று சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீரஜா


கடிதம் எண் 2
28.10.2025, செவ்வாய்க்கிழமை, காலை 11.05
அபிராமபுரம்

சி. நீரஜாவுக்கு ஆசீர்வாதம்.

ஞாயிற்றுக்கிழமை பற்றிய உன் பத்தியை நான்கு முறை படித்தேன்.

அப்பா போவதற்கு இரண்டு நாள் முன்பு என்னை அழைத்து, “ஞாயித்துக்கிழமையை விட்டுடாதேடா” என்றார். கடிகாரத்துக்கு அவர் சாவி கொடுக்கும் நாள் அது. அதன்பின் கடிகாரம் உன்னிடம் வந்துவிட்டது, சாவி என்னிடம் தங்கிவிட்டது. ஆகவே ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பீரோவைத் திறந்து, சாவியை எடுத்து, வெறும் காற்றில் பதினான்கு முறை திருப்பிவிட்டு மறுபடி உள்ளே வைக்கிறேன். 21.6.1998 முதல் 26.10.2025 வரை 1,428 ஞாயிறுகள். ஒன்றும் தவறியதில்லை. குறிப்பேட்டில் தேதிவாரியாக இருக்கிறது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் எண்ணிக்கையை உன்னிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது என்பதையும் யோசித்தேன். யோசித்து முடிவுக்கு வர இயலவில்லை. இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

கல்யாணராமன்


திருவான்மியூர்
17.11.2025

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம்.

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

9-ஆம் தேதி காலை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது வந்தது. பத்தாவது வரவில்லை. கட்டிய புடவையோடு ஆட்டோ பிடித்து உங்கள் வீட்டுக்கு வந்தேன். பூட்டியிருந்தது. எதிர் வீட்டு அனுப்ரியா, எட்டு மணிக்கு ஏதோ விழுந்த சத்தம் கேட்டதாகவும், தன்னிடமிருந்த வாசல் சாவியால் திறந்து உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்ததாகவும் சொன்னாள்.

அங்கேயும் வந்தேன், அண்ணா. நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். வலக்கை போர்வைக்கு வெளியே, உங்களுடையது இல்லை என்பதுபோல் கிடந்தது. நீங்கள் கண் திறப்பதற்குள் கிளம்பிவிட்டேன். சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லையே நீங்கள்.

நேற்று எட்டு மணிக்குப் பதினான்கும் முழுதாகக் கேட்டது. ஏழுக்கு அப்புறம் மட்டும் சிறு இடைவெளி, கை மாற்றிக்கொள்வதுபோல. இடக்கையால் திருப்பிப் பழகுகிறீர்களா? வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்று நினைத்து நேற்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நீரஜா


கடிதம் எண் 3
25.11.2025, செவ்வாய்க்கிழமை, காலை 9.50
அபிராமபுரம்

அன்புள்ள நீரஜாவுக்கு அநேக ஆசீர்வாதம்.

இடக்கையால் எழுதுகிறேன். வரிகள் நேராக இல்லாததற்கு மன்னிக்கவும்.

16-ஆம் தேதி காலை எட்டு மணிக்கு நான் ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன். வீடு திரும்பியது 20-ஆம் தேதி மாலை 4.20-க்கு. விழுந்தபோது என் கையிலிருந்த சாவியை, மூக்குக்கண்ணாடியோடு சேர்த்து ஓர் உறையில் போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். 10-ஆம் தேதி நினைவு வந்ததும், ஒட்டிய இடத்தில் தேதி போட்டு நர்ஸிடம் கையெழுத்து வாங்கிவைத்தேன். அந்தக் கையெழுத்து கலையாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு, 20-ஆம் தேதி நானே உறையைக் கிழித்தேன்.

ஏழு திருகலுக்குப் பின் கை மாற்றுவது அப்பாவின் வழக்கம். அவருக்கு வலத்தோளில் வலி. ஞாயிறு காலையில் நீ பாட்டு வகுப்பில் இருப்பாய், பார்த்திருக்க மாட்டாய். நான் ஒருநாளும் கை மாற்றியதில்லை.

நேற்று முன்தினம், 23-ஆம் தேதி ஞாயிறு, சாவியை மேஜைமேல் வைத்து எதிரே உட்கார்ந்தேன். தொடவில்லை. எட்டு மணிக்கு அது அசையவில்லை. 8.02-க்குக் கையில் எடுத்தேன். யாரோ இப்போதுதான் பிடித்துவிட்டுக் கீழே வைத்ததுபோல் வெதுவெதுப்பாக இருந்தது.

நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். பட்டியல் எழுதியபோது சாவி மறந்துபோய் விடுபடவில்லை. தெரிந்தேதான் விட்டேன். அப்பா கடிகாரத்தை உனக்குக் கொடுத்தார், ஞாயிற்றுக்கிழமையை எனக்குக் கொடுத்தார். அந்தக் கோபம்தான். உன்னிடம் ஓடாத கடிகாரம் இருக்கட்டும் என்று நினைத்தேன். அவர் அதற்கு உடன்படவில்லை என்று தோன்றுகிறது.

30-ஆம் தேதி ஞாயிறு காலை 7.40-க்கு உன் வீட்டுக்கு வருவேன். ஹனீஃபா வாசல்வரை கொண்டுவந்து விடுவார். உள்ளே வரமாட்டாராம். நீ சாவியைக் கைக்குள் மூடி வைத்துக்கொள். என் கைகள் இரண்டும் உன் கண்ணெதிரில் மேஜைமேல் இருக்கும். எட்டு மணிக்கு இருவருமாக எண்ணுவோம்.

உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று 14.6.1998 மாலை ஆறு மணி சுமாருக்குச் சொன்னதை இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன்.

உன் அண்ணா,
கல்யாணராமன்

இணைப்புகள்:
1. பாகப் பட்டியல், அசல். வரிசை எண் 19-இல் ‘சாவியுடன்’ என்று சேர்த்து, இன்றைய தேதியிட்டுக் கையொப்பமிட்டிருக்கிறேன்.
2. மேற்படி சாவி ஒன்று, பித்தளை.
3. நான் வேளைவாரியாகச் சாப்பிட வேண்டிய மாத்திரைகளின் பட்டியல், ஒரு மாதத்துக்கு. தீபாவளி மருந்து மீதமிருந்தால் எடுத்து வை.
4. குறிப்பேடு. 9.11.2025 வரை நிரப்பியிருக்கிறேன். 16, 23 ஆகிய தேதிகளுக்கு எதிரே ‘பதினான்கு’ என்று எழுதியிருப்பது என் கையெழுத்தல்ல.