கிழமை தெரியாது, சுஜாதா தெரியும்

அத்தை,

இன்று காலை அலமாரியிலிருந்து உங்கள் பச்சை ஃபைலை எடுத்தேன். திறந்ததும் அதே வாசனை: நீங்கள் நெற்றியில் தடவிக்கொள்ளும் தைலமும் முத்திரை மையும். மேலே இருந்தது அந்தச் செல்லாத தாள். குறுக்கே இரண்டு சிவப்புக் கோடுகள். அடியில், சாட்சி என்ற இடத்தில், சுழித்துச் சுழித்துப் பெருமையாக நான் போட்ட கையெழுத்து. அப்போது எனக்குப் பதினைந்து வயது; உங்கள் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன்.

மறதி நோய் என்று டாக்டர் சொன்ன வாரமே நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். நினைவு தப்பிப்போகும் நாளில் உங்கள் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்க ஒருவரை இப்போதே எழுதிவைக்க வேண்டும். அந்த ஒருவர் உங்கள் தம்பியான என் அப்பா இல்லை. குஷாய்குடா தொழிற்சாலையில் முப்பது வருஷம் உங்கள் பக்கத்து மேசையில் வேலை பார்த்த சுஜாதா ஆன்ட்டி.

அப்பா குகட்பள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து கத்தினார். "கூடப் பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். எவளோ ஒருத்தி பேரை எழுதுறியே அக்கா!"

"நீ அழுவடா."

"அழுதா என்ன தப்பு?"

"அழுதுக்கிட்டே எல்லாத்துக்கும் தலையாட்டுவ. மூக்குல குழாய் சொருகட்டுமான்னு கேட்டா சொருகுங்கன்னுவ. எனக்கு அது நக்கோ, வேணவே வேணாம்."

பிறகு என்னிடம் உங்கள் தொழிற்சாலை வழக்கத்தைச் சொன்னீர்கள். ஒரு கருவியின் பாகங்களைப் பூட்டியவரே அதைச் சோதித்துப் பாஸ் போடக் கூடாதாம். "ஆசையா செஞ்சவன் கண்ணுக்குக் குறை தெரியாது, படிப்ஸு. உங்கப்பன் எம்மேல ஆசை வச்சவன். சுஜாதா நான் பூட்டினதையே எத்தனையோ தடவை திருப்பி அனுப்பினவ."

நான் இப்படி எழுதிவைப்பதற்கான சட்டத்தைப் பற்றிக் கிடைத்த கட்டுரைகளையெல்லாம் படித்து, அடிக்கோடிட்டு, தாளை என் கையாலேயே எழுதினேன். சாட்சிக்குப் பதினெட்டு நிரம்பியிருக்க வேண்டும் என்ற வரிக்கும் அடிக்கோடு போட்டிருந்தேன். அது என்னைக் குறிக்கும் என்று மட்டும் தோன்றவே இல்லை. கீழ்வீட்டு மாமா ஒரு சாட்சி, நான் இன்னொரு சாட்சி. நோட்டரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நீ வயசெந்தம்மா?" என்றார். பதினைந்து என்றேன், அதையும் பெருமையாகவே.

சிவப்புக் கோடுகள் அங்கே விழுந்தன. வீடு திரும்பியதும் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு மாதம் போயிற்று. அதற்குள் டீயில் உப்புப் போட ஆரம்பித்திருந்தீர்கள். ஒரு நாள் என்னைப் பார்த்து, இந்தப் பெண் யார் என்று தெலுங்கில் கேட்டீர்கள்.

மறுபடி எழுதப் போனபோது, விஷயம் புரிந்துதான் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும் என்றார்கள். டாக்டர் இன்று என்ன கிழமை என்று கேட்டார். வியாழன் என்றீர்கள். அன்று திங்கள்.

"பாத்தியா, கிழமையே தெரியல. இவ எழுதிக்கொடுத்து என்ன ஆகப்போகுது?" என்றார் அப்பா.

எனக்கு நாற்காலியோடு தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. அந்த இரண்டு மாதத்தைத் தின்றது என் கையெழுத்து. ஆனால் நீங்கள் நிமிர்ந்தீர்கள். டாக்டருக்குத் தெலுங்கில் சொல்லிவிட்டு, அப்பாவின் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னீர்கள். "கிழமை தெரியாது. சுஜாதா யாருன்னு தெரியும். நான் பேச முடியாத அன்னிக்கு எனக்காக வேணாம்னு சொல்லப்போறவ. இன்னும் என்ன தெரியணும்?"

டாக்டர் எழுதிக் கொடுத்தார். இந்த முறை சாட்சிகள் இருவருக்கும் தலை நரைத்திருந்தது.

ஒரு வருஷம் கழித்து உங்களால் விழுங்க முடியாமல் போனது. நீங்கள் சொன்னபடியே அப்பா அழுதுகொண்டு, "எதையாவது போடுங்க சார்" என்றார். சுஜாதா ஆன்ட்டி ஃபைலைத் திறந்து, "வத்து, டாக்டர்காரு" என்று தெலுங்கில் மறுத்தார். டாக்டர்கள் படித்தார்கள், கூடிப் பேசினார்கள், ஒப்புக்கொண்டார்கள். குழாய் இல்லாமல் உங்கள் வீட்டுக்கு, உங்கள் கட்டிலுக்கு வந்தீர்கள். கடைசி நாள்கள் முழுக்க ஆன்ட்டி ரசத்தைத் தொட்டு உங்கள் உதட்டை நனைத்தார். அப்பா உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுவதைத் தவிர வேறு எந்த வேலையையும் நீங்கள் அவருக்கு வைக்கவில்லை. அது எவ்வளவு பெரிய அன்பு என்று அவருக்கும் ஒரு நாள் புரியும்.

காரியத்தன்று ராமச்சந்திராபுரம் சித்தி எல்லோர் காதிலும் விழும்படி, "பட்டினி போட்டே அனுப்பிட்டாங்க" என்றார். ஆன்ட்டி தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுந்தேன்.

"யாரும் பட்டினி போடல, சித்தி. அத்தையே வேணாம்னு எழுதியிருக்காங்க. படிச்சுக் காட்டறேன்."

"சின்னப் பொண்ணு, வாய மூடு."

"சின்னப் பொண்ணு கையெழுத்துதான் போடக் கூடாது. படிக்கலாம்."

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். பாதியில் எழுந்து போனவர்களும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன். முடித்தபோது ஆன்ட்டி தலை நிமிர்ந்திருந்தார்.

போன வாரம் அவர் தனக்கும் இப்படி எழுத வேண்டும் என்றார். அதற்கு நான்தான் சாட்சியாக வேண்டுமாம். எனக்குப் பதினெட்டு ஆகட்டும், இன்னும் ஐந்து மாதம்தானே என்கிறார். எனக்கு அந்த ஆசை எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். "நக்கோ ஆன்ட்டி" என்றேன்.

இன்று பள்ளிக்கு விடுப்பு. பத்து மணிக்கு அவரை அழைத்துக்கொண்டு நோட்டரியிடம் போகிறேன். கீழ்வீட்டு மாமாவும் அவர் மனைவியும் வருகிறார்கள். செல்லாத தாளை ஃபைலின் மேல் தாளாகவே வைத்திருக்கிறேன். வழியில் ஆன்ட்டி இன்னொரு முறை ஐந்து மாதம் என்றால், அதை எடுத்துக் காட்டுவேன்.