விஸ்வநத்தத்தில் நீங்கள் காட்டிய ரத்த அறிக்கை

அக்கா,

இன்று காலை ஊதா மூடி போட்ட, ரத்தம் எடுத்த சோதனைக் குழாயைக் குலுக்கும்போது உங்கள் நினைவு வந்தது. "மெதுவா குலுக்குங்க தம்பி, ஒடச்சிராதீக" என்பீர்கள். நீங்கள் மாரடைப்பில் போய் நாற்பது நாள் ஆகிறது.

சிவகாசி மருத்துவமனையில் நீங்கள் பிரசவ வார்டு நர்ஸ். நான் ரத்தப் பரிசோதனை அறையில். ஒரு வருடம் மதுரையிலிருந்து ஆய்வுக் குழு ஒன்று வந்தது. உடம்பில் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கிற சோதனை. நோயாளிகளின் வீட்டாருக்கும், ஊழியர்களான நமக்கும் எடுத்தார்கள்.

விஸ்வநத்தத்துச் செல்வி பட்டாசுத் தொழிலாளி. அவள் கணவனுக்குக் காசநோய். அவளுக்குப் பாசிட்டிவ் வந்தது. எக்ஸ்ரே சுத்தம், நோய் இல்லை. அதை எடுத்துச் சொல்லாமல் வெறும் சீட்டை மட்டும் கொடுத்தனுப்பியவன் நான். மூன்றாம் நாள் பால் கட்டிய மார்போடு உங்கள் வார்டுக்கு வந்து அழுதாள். நாலு மாதக் குழந்தையை மாமியார் பிரித்து வைத்துவிட்டாராம்.

அன்று மதியமே என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனீர்கள். மாமியார் வாசலை மறித்து நின்றார்.

"சீக்குக்காரி பாலயா பிள்ளைக்குக் குடுக்கச் சொல்லுதீக?"

நீங்கள் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினீர்கள். "இது என் ரிசல்ட்டு. எனக்கும் இதேதான். கிருமி உறங்குது, அம்புட்டுத்தான். யாருக்கும் ஒட்டாது. ஒங்க பேரன் பொறந்தப்ப இந்தக் கையிலதான வாங்குனேன்?"

படிக்கத் தெரியாத அந்தத் தாளை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கி வந்து செல்வியிடம் கொடுத்தார்.

அந்தப் பேச்சு தெருவைத் தாண்டிப் போனது. ஒரே வாரத்தில், பிரசவத்துக்கு வந்தவர்கள் வேறு நர்ஸ் கேட்டார்கள். டாக்டர் சொல்லியும் எடுபடவில்லை. நிர்வாகம் கூட்டம் போட்டது. "நம்ம ஆளுகள்ல இவங்களுக்கு மட்டுந்தான?" என்று மேலாளர் கேட்டார். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் வாய் திறக்கவில்லை.

எனக்கும் பாசிட்டிவ். ஊழியர்களின் முடிவுகள் வந்த உறையைப் பிரித்தவர் நீங்கள்தான், உங்களுக்குத் தெரியும்.

உங்களை வார்டிலிருந்து மாற்றினார்கள். எட்டு மாதம் துணிக்கிடங்கில் படுக்கை விரிப்பு மடித்தீர்கள். ஒருமுறை அங்கே வந்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "பிள்ளகுட்டிக்காரர், பயந்துட்டீக. விடுங்க தம்பி. அந்த விரிப்போட மறுமுனையப் பிடிங்க" என்றீர்கள்.

இப்போது சீட்டைக் கொடுக்குமுன் ஆளை உட்காரவைத்து, "எனக்கும் இருக்கு" என்றுதான் தொடங்குகிறேன். அதைச் சொல்ல ஒரு நொடி போதும். அன்று அந்தக் கூட்டம் அரைமணி நேரம் நடந்தது.