கண்ணாடிப் பெட்டியில் வைக்கக்கூடாத கடிதம்

அனுப்புநர்:
நல்லையா புஷ்பகாந்தி,
4ஆம் இலக்க லயம், மேற்பிரிவு,
கிரிமலைத் தோட்டம்,
மடுல்சீமை.

பெறுநர்:
தலைவர்,
பல்கலைக்கழக நூதனசாலைகள் தர மதிப்பீட்டுக் குழு,
கொழும்பு.

ஊடாக: பணிப்பாளர் ஊடாக அனுப்பப்படவில்லை. காரணம் 7ஆம் பந்தியில் உள்ளது.

பொருள்: நமுனுகுல பல்கலைக்கழகக் கலை நூதனசாலை என் தாயாரின் ஒரே புகைப்படத்தைத் திருப்பித் தராமையும், அதற்கு நான் சம்மதித்ததாகப் பதிந்திருப்பதும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. எனக்கு வயது பதினேழு. ஒன்பதாம் தரத்துடன் படிப்பை நிறுத்தி, பதுளை பஸாரில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். மேற்படி நூதனசாலையின் முகாமைத்துவ சபையில் தோட்ட மக்களின் பிரதிநிதியாக இரண்டு வருடமாக இருப்பவளும் நானே. அந்த நூதனசாலைக்குத் தரச்சான்று வழங்கலாமா என்று பார்க்கத் தாங்கள் ஜூலை 14ஆம் திகதி வருவதாக அறிந்து இதை எழுதுகிறேன்.

2. என் தாயார் விஜயலெட்சுமி 2016இல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது குளவி கொட்டி இறந்தார். அவரை எங்களுக்குக் காட்டியபோது முகம் வீங்கி, கண் இருந்த இடம் தெரியவில்லை. தகப்பனார் உடுப்பைப் பார்த்துத்தான் அடையாளம் சொன்னார். அப்போது எனக்கு வயது எட்டு, தங்கைக்கு எட்டு மாதம். அம்மாவை நினைத்தால் எனக்கு அந்த வீங்கிய முகமே வரும். வீங்காத முகம் ஒரே ஒரு படத்தில் இருந்தது. அடையாள அட்டைக்காகப் பசறையில் எடுத்தது. சிரிக்கக்கூடாது என்று சொல்லியிருப்பார்கள். ஆனாலும் அம்மா கொஞ்சம் சிரித்திருப்பார்.

3. 2023 ஜனவரியில் நூதனசாலையிலிருந்து நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்து, குளவி கொட்டி இறந்தவர்களைப் பற்றிக் கண்காட்சி வைக்கப்போவதாகச் சொல்லி அந்தப் படத்தைக் கேட்டார்கள். "மூணே மாசங்க. பத்திரமா கொண்டாந்து குடுத்துருவோம்" என்றார்கள். தகப்பனார் சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்தார். மூன்று மாத இரவல் என்று அவர்கள் எழுதித் தந்த துண்டின் பிரதியை இணைத்துள்ளேன்.

4. மே மாதம் படத்தை வாங்கி வரப் போனேன். அந்நியர் முன்னால் எனக்குப் பேச வராது. பணிப்பாளரின் அறை வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். தோட்டம் என்றேன். அதற்கு மேல் வரவில்லை. நூதனசாலையின் யாப்பு விதிப்படி சபையில் தோட்டத்து ஆள் ஒருவர் இருந்தே ஆக வேண்டுமாம். பணிப்பாளர் எழுதுவினைஞரைப் பார்த்து, "இந்தப் புள்ளையே போதும். வாயத் தொறக்காது. முந்தி இருந்த தோட்டத் தலைவர் மாதிரி கேள்வி கேட்டு உசிர வாங்காது" என்றார். படத்தைக் கேட்கப் போனவள் சபை உறுப்பினராகத் திரும்பினேன். அன்று எனக்கு வயது பதினைந்து. வயதை எவரும் கேட்கவில்லை.

5. கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடக்கும். முடிவில் ஒரு தாள் சுற்றி வரும், எல்லாரும் கையொப்பமிடுவார்கள். தோட்டத்தில் காலையில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கூப்பிடும்போது நின்றால்தான் அன்றைக்கு வேலைக்கு வந்ததாகப் பதிவார்கள். அந்தத் தாளும் அதுபோல வந்தவர்களைப் பதிகிற தாள் என்று நினைத்தேன். என்னைத் தாண்டிப் போன தாளை ஒரு முறை எட்டிப் பிடித்துக்கூடக் கையொப்பமிட்டேன். அது 2023 செப்டெம்பர் 6ஆம் திகதிக் கூட்டம். இரவல் வாங்கிய படங்கள் இனி நூதனசாலைக்கே சொந்தம், கண்காட்சிக்கு வரும் ஓவியர் அவற்றில் விரும்பியதைச் செய்யலாம் என்று முடிவெடுத்த தாள் அதுதான். "தோட்டச் சமூகம் ஏகமனதாகச் சம்மதித்தது" என்று அதில் எழுதியுள்ளது. அந்தச் சமூகம் நான் ஒருத்தி. என் முதலாளியின் மகள் முஷ்ரிபா பல மாதங்களுக்குப் பிறகு அந்தத் தாளின் பிரதியை வாசித்துச் சொன்னபோதுதான் இது எனக்குத் தெரிந்தது.

6. ஒக்டோபரில் கண்காட்சி திறந்தார்கள். தங்கையைக் கூட்டிப் போனேன். கொழும்பிலிருந்து வந்த ஓவியர் எரிகிற ஊதுபத்தியால் அம்மாவின் முகத்தைத் துளைத்திருந்தார். முப்பத்தொரு துளைகள். ஒவ்வொன்றும் ஒரு குளவிக் கொட்டு என்று பக்கத்தில் எழுதியிருந்தது. இரண்டு துளைகள் கண்களில். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் படத்தின் முன்னால் ஊதுபத்தி கொளுத்துவோம். தங்கை என் கையை இழுத்து, "வா அக்கா போவோம், இது நம்ம அம்மா இல்ல" என்றாள். காவலாளி அவளிடம், "சத்தம் போடாத பாப்பா, ஆளுங்க பாக்குறாங்கல்ல" என்றார். எங்கள் வீட்டில் அம்மாவின் நல்ல முகத்தை மட்டும் அறிந்திருந்தவள் அவள் ஒருத்திதான். இப்போது அவளுக்கும் என்னைப் போலவே ஆகிவிட்டது.

7. உறுப்பினர் எழுதும் கடிதம் பணிப்பாளர் ஊடாகவே போக வேண்டும் என்பது விதி. அதன்படி, படத்தைத் துளைகளோடாவது திருப்பித் தருமாறு நவம்பரில் கையால் எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. பெப்ரவரியில் இன்னொன்று கொடுத்தேன். மார்ச் மாதக் கூட்டத்துக்குப் போனபோது என் முதல் கடிதம் அம்மாவின் படத்துக்கு அருகில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைக்கப்பட்டிருந்தது. அதன் அட்டையில், "சமூகத்தின் எதிர்வினை. தாளில் நீலப் பேனா. 2023" என்று இருந்தது. அம்மாவின் படத்தின் கீழே, "பெயர் அறியப்படாத கொழுந்து பறிக்கும் பெண். புகைப்படம், ஊதுபத்தி நெருப்பு" என்று இருந்தது. என் கடிதத்தில் அம்மாவின் பெயர் மூன்று தடவை இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் ஒரு சாண்தான் தூரம்.

மாணவர்கள் குனிந்து கடிதத்தைப் படம் எடுத்தார்கள். "ஐயோ பாவம், எவ்வளவு உருக்கமா எழுதியிருக்கு" என்று ஒரு பெண் சொன்னார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். பணிப்பாளர் என்னிடம், "உன் கடிதத்தத்தான்மா எல்லாரும் நின்னு வாசிக்கிறாங்க, சந்தோஷப்படு. இப்ப அது உங்க அம்மா படம் இல்ல, அது ஒரு படைப்பு. இன்னொன்னும் எழுதினா வைக்க எடம் இருக்கு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். இரண்டாவது கடிதத்தையும் வைத்துவிட்டார்கள்.

ஆகவே இது அவர் ஊடாக வரவில்லை. கையாலும் எழுதவில்லை. முஷ்ரிபா தட்டச்சு செய்து தந்தார்.

8. தாங்கள் வரும் நாளில் நான் சபையில் இருக்க வேண்டும் என்று அறிவித்துள்ளார்கள். "கொஞ்சம் தோட்டத்து ஆள் மாதிரி வாம்மா, கூடை நாங்க தர்றோம். ஏதாவது கேட்டா சிரி, போதும்" என்று பணிப்பாளர் சொன்னார். நான் ஒரு நாளும் கொழுந்து பறித்ததில்லை. அம்மாவுக்குப் பிறகு தகப்பனார் என்னை மலைக்கு அனுப்பவில்லை.

9. நூதனசாலையின் வாசல் சுவரில் அதன் நோக்கத்தை மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறார்கள்: "மக்களிடம் பெற்றதை மக்களின் மரியாதையோடு காப்போம்." நல்ல எழுத்து. அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. அந்தச் சுவரைத் தாங்களும் தாண்டித்தான் உள்ளே வருவீர்கள்.

ஐயா, அம்மாவின் படத்தை இருக்கிறபடியே எங்களிடம் தரச் செய்யுங்கள். துளைகளை நாங்கள் பார்த்துக்கொள்வோம். என் இரண்டு கடிதங்களையும் பெட்டியிலிருந்து எடுக்கச் செய்யுங்கள். இந்தக் கடிதம் தங்கள் அலுவலகக் கோவையைவிட்டு வெளியே போக வேண்டாம்.

இன்னும் ஒன்று. ஜூலை 14ஆம் திகதி கூடையோடு உட்கார்ந்திருப்பவள் நான். தாங்கள் என்னிடம் விளக்கம் கேட்டால் எனக்குப் பேச்சு வராது, சிரித்துவிடவும் கூடும். அதைச் சம்மதம் என்று எழுதிவிடுவார்கள். ஆகவே எல்லார் முன்னிலையிலும், தமிழில், "நீ சம்மதித்தாயா?" என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்று தலையசைக்க என்னால் முடியும். இரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

இடம்: பதுளை
திகதி: 2025.06.23

அச்சுத் தாளொன்றை முழுவதும் வாசித்து அறிந்தபின் நான் இடும் முதல் கையொப்பம்:

ந. புஷ்பகாந்தி

இணைப்பு: இரவல் துண்டின் பிரதி, என் பிறப்புச் சான்றிதழின் பிரதி